புரட்டாசி முடிந்த ஞாயிறும் ஒரு குண்டானும்

திங்கட்கிழமை உத்திரமேரூருக்கு வேலைக்கு வரப்போகிற தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் கையில் ஒரு கோப்பு கொடுத்திருப்பார்கள். எந்த ஓட்டலில் என்ன பார்சல் டப்பா, எங்கே வாழை இலை, எங்கே பாக்கு மட்டைத் தட்டு, யார் இன்னும் பிளாஸ்டிக் கவரை மேசைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்கும். எழுதியவன் நான்தான். கடை கடையாகப் போய்ப் பிளாஸ்டிக்குக்கு மாற்று தேடிக் கொடுத்து மூன்று வருஷம் பார்த்த வேலையை உங்களிடம் விட்டுவிட்டு வேறு மாவட்டத்துக்குப் போகிறேன். இந்த வயதில் ஓய்வு பெற்ற பெரியவர் மாதிரி உட்கார்ந்து அனுபவம் பேசுகிறானே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் கோப்பில் ஏழாம் பக்கத்தில், ஜமால் பாய் பிரியாணிக் கடைக்கு நேரே, ‘சேர்வா: வாடிக்கையாளர் பாத்திரம்’ என்று மூன்றே சொல்லில் முடித்திருக்கிறேன். அந்த மூன்று சொல்லுக்குப் பின்னால் என் வாழ்க்கையிலேயே பெரிய தப்பு ஒன்றும், பெரிய சந்தோஷம் ஒன்றும் இருக்கின்றன. இரண்டும் ஒரே நாளில், காலை பதினொரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் வெளிப்பட்டவை.

ஜமால் பாய் கடை, பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைத்தெருவுக்குத் திரும்புகிற முனையில் இருக்கிறது. உள்ளே நான்கு மேசைதான். வியாபாரமெல்லாம் பார்சல். பிரியாணி போடுவது பாய். பார்சல் கட்டுவது சாந்தி அக்கா. கடைக்குப் பின்னாலேயே பாயின் வீடு. நான் முதல்முறை போனபோது, எதிரே ஒரு புதுப் பிரியாணிக் கடை திறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கண்ணாடிக் கதவு, ஏசி, பளபளவென்று கறுப்பு பிளாஸ்டிக் டப்பா. பாய் கல்லாவில் உட்கார்ந்தபடியே அந்தக் கதவு எத்தனை தடவை திறக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா தம்பி, கவர எடுன்னு சொல்ல வந்தியா? அத சொல்றதுக்கு நெறய பேரு வராங்க. எடுத்துட்டு இன்னா வெக்கறதுன்னு எவனும் சொல்ல மாட்றான்.”

“அதைச் சொல்லத்தான் பாய் வந்தேன்.”

“ஒக்காரு அப்ப. டீ சாப்பிடு.”

பிரியாணிக்குக் கரும்புச் சக்கை டப்பா, தயிர் வெங்காயத்துக்குப் பாக்கு மட்டைக் கிண்ணம் என்று எடுத்து வைத்தேன். பாய் தட்டிப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார், தலையாட்டினார். மிச்சம் இருந்தது சேர்வா. பிரியாணிக்கு ஊற்றிக்கொள்கிற குழம்பைத்தான் நம் பக்கத்தில் சேர்வா என்போம். அதற்கு அதுவரை பிளாஸ்டிக் கவர். நூலைச் சுற்றி ஒரு இழுப்பு.

“பாய், சேர்வாவுக்கு மட்டும் ஜனங்களையே வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுவரச் சொன்னால் என்ன?”

பாய் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். “பாத்திரப் பேச்சு மட்டும் வாணாம் ராஜா. எங்க வூட்டம்மா கல்யாணத்துக்கு அவங்க அம்மா வூட்ல குடுத்த குண்டான் ஒண்ணு. காணாம பூட்ச்சி. கடைக்கு எடுத்துக்கினு போயி நான்தான் தொலச்சேனாம். இன்னி வரைக்கும் பேச்சு வாங்கிக்கினு கீறேன். பாத்திரம் வூட்ட வுட்டு கெளம்பினாலே பேஜாரு.”

பார்சல் மேசையிலிருந்து சாந்தி அக்கா திரும்பாமலே சொன்னார்: “கொழம்புல உப்பு கம்மின்னு பாய் வூட்ல சொல்லிப் பாக்கட்டும். ‘என் குண்டான் இன்னா ஆச்சு’ன்னுதான் பதில் வரும்.”

அதனால் பாத்திர யோசனையை அங்கேயே விட்டுவிட்டேன். ஒரு மனிதர் சிரித்துக்கொண்டே ‘வேண்டாம்’ என்று சொன்னால், ஏன் என்று இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். நான் கேட்கவில்லை. சோள மாவில் செய்த மக்கும் கவரைக் கொண்டுவந்து கொடுத்தேன். பார்க்கப் பழைய கவர் மாதிரியே இருக்கும், மண்ணில் போட்டால் மக்கிவிடும். இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

சோதனையும் செய்தேன். கடையிலேயே, எல்லோர் முன்னாலும் ஒரு கவரில் சேர்வா ஊற்றி, நூல் சுற்றி, ஆணியில் அரை மணி நேரம் தொங்கவிட்டேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

“பார்த்தீங்களாக்கா?”

சாந்தி அக்கா கவரை அடியில் ஒரு விரலால் தட்டினார். “இன்னிக்கு தாங்குது,” என்றார்.

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அந்த ‘இன்னிக்கு’ என் காதில் ஏறவில்லை. ஏனென்றால் அது புரட்டாசி மாதம்.

நீங்கள் இந்தப் பக்கத்துக்காரர்கள்தான், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புரட்டாசியில் பாதி வீடுகளில் கவிச்சி கிடையாது. பிரியாணிக் கடையில் ஈ ஓட்டுவார்கள். காலையில் காய்ச்சி இறக்கின சேர்வா, ஆள் வராமல் மத்தியானம் வரை அண்டாவிலேயே கிடந்து ஆறிப்போகும். அந்த ஆறிப்போன சேர்வாவைத்தான் நான் ஆணியில் தொங்கவிட்டேன். அந்த மாதம் முழுக்க வந்த நாலு பேருக்கும் அதைத்தான் சாந்தி அக்கா கட்டிக் கொடுத்தார். ஒரு புகார் இல்லை. படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பினேன். சபாஷ் என்று பதில் வந்தது. பாய் என்னை நம்பி, மிச்சமிருந்த பிளாஸ்டிக் கவர் மூட்டையைப் பேரூராட்சி வண்டியில் ஏற்றிவிட்டார். “ஒண்ணு கூட வெச்சுக்கல தம்பி, பாத்துக்கோ,” என்று வெறும் கையை விரித்துக் காட்டினார்.

அந்தக் கவர்க் கட்டின் அடியில், பொடி எழுத்தில், ‘மிகச் சூடான திரவங்களுக்கு அல்ல’ என்று அச்சடித்திருந்தது. எங்கள் வம்சத்திலேயே முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் நான். அந்த ஒரு வரியைப் படிக்கவில்லை.

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது.

ஒரு மாதம் வாயைக் கட்டியிருந்த ஊர் அன்றைக்கு எப்படிப் புறப்பட்டு வரும் என்று பாய்க்குத் தெரியும். விடியும் முன்பே மூன்று அண்டா ஏற்றியிருந்தார். அந்த ஒரு நாள்தான் அவருக்குப் போன மாதத்தை ஈடுகட்ட வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், எதிர்க்கடை திறந்த பிறகு புரட்டாசி முடிந்து வருகிற முதல் ஞாயிறு அது. “இன்னிக்கு யாரு எந்தப் பக்கம் போறாங்களோ, அவங்க தீபாவளிக்கும் அந்தப் பக்கந்தான் போவாங்க,” என்று அவர் என்னிடம் சொன்னபோது குரலில் சிரிப்பு இல்லை. பதினொரு மணிக்கு வரிசை மருந்துக்கடையைத் தாண்டிவிட்டது. நான் உதவிக்கு வந்திருந்தேன். உண்மையைச் சொன்னால், பெருமைப்படுவதற்காக வந்திருந்தேன்.

சேர்வா அடுப்பிலிருந்து இறங்கி நேராகக் கவருக்குள் போனது. ஆறுவதற்கு நேரமே இல்லை. முதல் பத்துப் பதினைந்து பார்சல் போயிருக்கும். வரிசைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம்.

“யோவ் பாய்! இன்னாயா இது!”

முப்பது வயது இருக்கும் ஒருவர், ஸ்கூட்டரை அப்படியே நிறுத்திவிட்டு வந்தார். வெள்ளை வெளேரென்று புது வேட்டி. இடுப்பிலிருந்து முழங்கால் வரை சேர்வா. ஸ்கூட்டர் கொக்கியில் கவர் ரப்பர் மாதிரி நீண்டு, அடி கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

“சாயங்காலம் பொண்ணு பாக்க போணும்யா! வூட்டுக்கு வந்த சொந்தக்காரங்களுக்கு சோறு வாங்கலாம்னு வந்தா... வேட்டிய பாரு!”

வரிசையில் யாரோ சொன்னார்கள்: “மஞ்சளாத்தான ஆயிருக்கு? பொண்ணு பாக்கறத வுட்டுட்டு நேரா தாலியே கட்டிடுப்பா!”

எல்லோரும் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. பின்பக்கம் போய், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வைத்திருந்த தன் வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். வீட்டுக்குள் போய்க் கட்டிக்கொண்டு வரும்படி தோளைத் தொட்டு அனுப்பினார். அதற்குள் இன்னொரு கவர் கிழிந்தது. அடுத்து, சாந்தி அக்கா கையிலேயே ஒன்று. அக்கா கையை உதறி, குழாயடிக்கு ஓடினார். நல்லவேளை, தோல் சிவந்ததோடு போயிற்று.

வரிசையின் கடைசியிலிருந்து இரண்டு பேர் தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனார்கள். அந்தக் கண்ணாடிக் கதவு திறந்து மூடியது. பாய் பார்த்தார். நானும் பார்த்தேன்.

பக்கத்துக் கடைக்காரர் ஒரு பொட்டலத்தைக் கல்லா மேல் வைத்தார். பழைய பிளாஸ்டிக் கவர். “இன்னிக்கு ஒரு நாள் ஓட்டு பாய். எவன் பாக்கப் போறான்?”

பாய் அதைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார். “தம்பி, நீ ஒரு வார்த்த சொல்லு. போடட்டா, வாணாமா?”

இந்த வேலையில் உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு கேள்வி வரும். பயிற்சியில் இதற்குப் பதில் சொல்லித் தரமாட்டார்கள். ‘போடுங்க’ என்றால் அந்தத் தெருவில் எந்தக் கடையும் இனி என் பேச்சைக் கேட்காது. ‘வேண்டாம்’ என்றால் நஷ்டம் எனக்கு இல்லை, என்னை நம்பி மூட்டையை வண்டியில் ஏற்றிய மனிதருக்கு. “பத்து நிமிஷம் குடுங்க பாய்,” என்றேன். பத்து நிமிஷத்தில் என்ன செய்வேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

தெரிந்தது ஒன்றுதான். பழி அவர் மேல் விழக் கூடாது. வாசலில் இருந்த பெஞ்சு மேல் ஏறி நின்றேன்.

“அண்ணே, அக்கா, எல்லோரும் கேளுங்க. இந்தக் கவரைக் கொண்டாந்து குடுத்தது நான். சூடு தாங்காதுன்னு கவர்லயே எழுதியிருக்கு, நான் பார்க்கல. தப்பு என்னோடது. பாய் தப்பு இல்ல.”

“அப்ப எங்களுக்கு சேர்வாவ உன் கைல ஊத்தச் சொல்லட்டா?” என்றார் ஒருவர்.

“அவன் கையும் சோளமாவுதான், ஒழுவும்,” என்றார் இன்னொருவர்.

கேலி செய்தார்கள், ஆனால் கிளம்பவில்லை. அதைக் கவனியுங்கள். தப்பை ஒத்துக்கொண்டால் ஜனங்கள் கொஞ்ச நேரம் நிற்பார்கள். அந்தக் கொஞ்ச நேரம் போதும்.

வரிசையில் ஐந்தாவதாக ஒரு பெண்மணி நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கலாம், வெயிலில் கறுத்த முகம், திருமுக்கூடலிலிருந்து பஸ் ஏறி வந்தவர். கையில் மஞ்சள் துணிப்பை. அதிலிருந்து காகிதம் சுற்றிய ஒரு புத்தம்புது எவர்சில்வர் குண்டானை எடுத்து, காகிதத்தைக் கிழித்து, மேசை மேல் டங்கென்று வைத்தார்.

“இதுல ஊத்து.”

சாந்தி அக்கா தயங்கினார். “புதுப் பாத்திரமாச்சேக்கா. பாலு காய்ச்சாம சேர்வா ஊத்தச் சொல்றியே.”

“தீபாவளிக்கி பொண்ணும் மாப்ளயும் வராங்க, அதுக்கு வாங்கினது. எம் மாப்ள பாலுக்கு மயங்கற ஆளு இல்ல. சேர்வாவ பாத்தாதான் மொகம் மலரும். ஊத்து ஊத்து.”

அக்கா ஊற்றினார். அந்த அம்மா மூடியை அழுத்தி மூடிவிட்டு வரிசையைப் பார்த்துத் திரும்பினார்.

“இன்னா வேடிக்க பாத்துக்கினு நிக்கறீங்க? ரேசன் கடைல பைய வெச்சி எடம் புடிக்கறதில்ல? நோம்பு மாசத்துல கஞ்சிக்கி பள்ளிவாசல்ல தூக்கு வரிசையா நிக்கறதில்ல? வூடு கிட்ட கீறவங்க ஓடிப்போயி ஒரு சொம்போ தூக்கோ எடுத்துக்கினு வாங்க. வெச்சிட்டு நெழல்ல ஒக்காருங்க. பாத்திரம் நிக்கட்டும் வரிசைல. நீங்க எதுக்கு வெயில்ல காயறீங்க?”

யாரோ கட்டிப்போட்டதை அவிழ்த்துவிட்டது மாதிரி ஆகிவிட்டது. கடைத்தெரு ஆட்கள் வீட்டுக்கு ஓடினார்கள். தூரத்துக் கிராமத்துக்காரர்கள் பக்கத்துப் பாத்திரக் கடையில் நுழைந்தார்கள், தெரிந்த வீட்டில் கேட்டு வாங்கிவந்தார்கள். கால் மணி நேரத்தில் பெஞ்சு மேலும், படி மேலும், மருந்துக்கடை வாசல் வரைக்கும் சொம்பு, தூக்கு, டிபன் கேரியர், குண்டான். ஆட்களெல்லாம் எதிரே வேப்பமர நிழலில் உட்கார்ந்து கதை பேசினார்கள். வெயிலில் பாத்திரங்கள் மட்டும் ஒழுங்காக வரிசையில் நின்றன. அவ்வளவு அமைதியான பிரியாணி வரிசையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒன்றையொன்று தள்ளாத வரிசை அது.

பக்கத்துக் கடைக்காரர் தன் பொட்டலத்தைத் தானே எடுத்துக்கொண்டு போனார்.

ஆனால் புதிதாக ஒரு சிக்கல் வந்தது. சாந்தி அக்கா வேகவேகமாக நிரப்பி மூடி வைக்க, எது யாருடையது? ஒரே மாதிரி எட்டுச் சொம்பு. “எந்தது எவருதுன்னு எனக்கு இன்னா தெரியும்? மோந்து பாத்தா சொல்ல முடியும்?” என்று அக்கா கத்தினார். நான் ஒரு சொம்பைக் கையிலெடுத்துத் திருப்பினேன். கழுத்துக்குக் கீழே புள்ளிப் புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் புத்தகம் கிடையாது, பேப்பர் கிடையாது, காலண்டர்கூடச் சாமி படத்துக்காக மாட்டியதுதான். முதல் வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகியபோது, வீட்டில் படிப்பதற்கு இருந்த ஒரே எழுத்து பாத்திரத்தில் வெட்டிய பேர்கள்தான். தண்ணீர்ச் சொம்பில் என் அப்பா பேர். சோற்றுப் பானையில் அம்மா பேர். அம்மாவுக்கு அது தன் பேர் என்றே தெரியாது. நசுங்கலை வைத்துத்தான் எது எங்களுடையது என்று சொல்வார். ‘இங்க இன்னாடா எழுதிக்கீது?’ என்று கேட்டார். படித்துக் காட்டினேன். அந்தப் பானையை அன்றைக்கு இரண்டு தரம் புளி போட்டுத் தேய்த்தார்.

அந்தப் படிப்பு பாய் கடை வாசலில் கைகொடுத்தது. பெஞ்சு மேல் மறுபடி ஏறினேன்.

“கோவிந்தம்மாள்!”

காதில் இயர்போன் மாட்டிய ஒரு பையன் எழுந்தான். “எங்கம்மா!” பார்சல் போனது.

“த. வேதாச்சலம்!” “வந்துட்டேன்!”

“மணமக்களுக்கு அன்புடன் நண்பர்கள்!”

நிழலில் மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். தெருவே சிரித்தது. கடைசியில், அதே எழுத்து இருந்த மூன்று தூக்கில் பிடி ஆடுகிறது யார் வீட்டுடையது என்று விசாரித்துப் பிரித்துக் கொடுத்தோம்.

“தம்பி, ஊருக்கு வரவன்லாம் கோயில்ல கல்வெட்ட படிக்கிறான்,” என்று ஒருவர் சத்தம் போட்டார். “நீ இன்னாடான்னா குண்டான்ல கீறத படிச்சிக்கினு கீற!”

“அங்க சேர்வா கிடைக்காதேண்ணே!” என்றேன். எனக்கும் கேலி பேச வந்துவிட்டது.

எதிர்க்கடைக்குப் போன இரண்டு பேரும் கறுப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, இங்கே என்ன இவ்வளவு சிரிப்பு என்று பார்க்க வந்து நின்றார்கள்.

அடுத்து ஒரு பழைய குண்டான். கனமானது, இந்தக் காலத்துத் தகடு இல்லை. விளிம்புக்குக் கீழே பேர், பேருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பிறை.

“நூர்ஜஹான்!”

யாரும் எழவில்லை. மறுபடி படித்தேன். பின்னால் அண்டாவைக் கிளறும் சத்தம் நின்றது.

“இன்னா சொன்ன?” பாய் கரண்டியோடு வந்தார். “இன்னொரு வாட்டி சொல்லு.”

“நூர்ஜஹான், பாய். பக்கத்தில் பிறை.”

பாய் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுக் குண்டானை வாங்கினார். திருப்பினார், தடவினார், அடியைப் பார்த்தார். “இது எங்க வூட்டு குண்டான்யா,” என்றார், யாரிடமும் இல்லாமல்.

வேப்பமரத்தடியில் துண்டை முறுக்கிக்கொண்டு ஒருவர் மெதுவாக எழுந்தார். எல்லப்பன். ஏரிக்கரைத் தெருவில் இருப்பவர், நெல் விவசாயம். பாய்க்குப் பல வருஷப் பழக்கம்.

“பாய்... திட்டாத. பாத்திரம் எடுத்துக்கினு வான்னதும் வூட்டுக்கு ஓடி கைக்கு கெடச்சத தூக்கியாந்துட்டேன். பேர பாக்கல. பாத்தாலும் எனக்கு படிக்க வராது. இந்தத் தம்பி படிச்சதும்தான் உசுரே பூட்ச்சி.”

“உன் வூட்டுக்கு எப்பிடியா வந்துச்சி?”

“ஒரு ரம்ஜானுக்கு நூரம்மா சேமியா பாயசம் போட்டு குடுத்தாங்க. திருப்பிக் குடுக்கறப்ப வெறும் குண்டானா எப்பிடி குடுக்கறது? பொங்கலுக்கு பொங்க போட்டு குடுக்கலாம்னு எடுத்து வெச்சோம். அந்த மார்கழில எங்க அப்பா பூட்டாரு. அந்த வருசம் எங்களுக்கு பொங்க இல்ல. அதுக்கு அடுத்த வருசம், இத்தினி நாளு கழிச்சி எப்பிடி போயி நிக்கறதுன்னு வெக்கமா பூட்ச்சி. அப்பறம் தள்ளித் தள்ளி... உன் கடைல சோறு வாங்க வரப்பல்லாம் எனக்கு அந்த நெனப்புதான் பாய்.”

பாய் குண்டானையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது. இவ்வளவு நேரம் ஓடிய நல்லது எல்லாம் என் வாயாலேயே கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன்.

பாய் திடீரென்று குண்டானை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினார். பின்பக்கம் வீட்டைப் பார்த்துத் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினார்:

“நான் தொலைக்கல! ஊரே சாட்சி! நான் தொலைக்கல!”

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. எல்லப்பன் அழுதுகொண்டே சிரித்தார். சாந்தி அக்கா மேசையில் தலையை வைத்துக்கொண்டார். பாய் வேட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் அடுத்த தெரு வரை போயிருந்தவர் சத்தம் கேட்டுத் திரும்பி வந்து ‘என்னாச்சு’ என்று விசாரித்துவிட்டுப் போனார்.

எல்லப்பன், “பாய், இத நீ வெச்சுக்க, எனக்கு சேர்வா வாணாம்,” என்று கைகூப்பினார். பாய் கேட்கவில்லை. குண்டான் தளும்பத் தளும்பச் சேர்வா ஊற்றி மூடி அவர் கையில் வைத்தார்.

“வெறும் குண்டானா நான் மட்டும் எப்பிடி குடுக்கறது? எடுத்துக்கினு போ. பொங்கலுக்கு பொங்க போட்டு நீயே கொண்டாந்து எங்க வூட்டம்மா கைல குடு. நான் கொண்டு போனா நம்ப மாட்டா. புதுசா வாங்கி பேரு வெட்டினேன்னு சொல்லுவா.”

மூன்று மணிக்கு அண்டாக்கள் காலி. பாய் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, அடியில் சுரண்டின பிரியாணியைப் போட்டுக் கொடுத்தார். அதைவிட ருசியான சாப்பாடு எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

மறுவாரமே கடையில் பலகை மாட்டினார்: பாத்திரம் கொண்டுவருபவர்களுக்கு ஒரு கரண்டி சேர்வா கூட. பாத்திரப் பேச்சே வேண்டாம் என்ற மனிதர், கொண்டுவராதவர்களுக்கு இரவல் தர இருபது தூக்கு வாங்கி ‘ஜமால்’ என்று பேர் வெட்டிவைத்தார். நீங்கள் போகும்போது பாதிதான் கடையில் இருக்கும். மீதி ஊரில் இருக்கும். பயப்படாதீர்கள், வந்துவிடும், பெரும்பாலும் முருங்கைக்காயோ வேர்க்கடலையோ போட்டுத்தான் வரும். பாயின் வேட்டியும் வெறுமனே வரவில்லை. துவைத்து மடித்து, மேலே கல்யாணப் பத்திரிகையோடு வந்தது. எதிர்க்கடைக்காரரும் இப்போது கோப்பில் இருக்கிறார், பதினோராம் பக்கம்.

ஒன்றுதான் குறை. திருமுக்கூடலிலிருந்து வந்த அந்த அம்மாவிடம் நான் பேர் கேட்கவில்லை. பெஞ்சிலிருந்து இறங்கிப் பார்ப்பதற்குள் பஸ் ஏறிவிட்டார். புதுக் குண்டான் என்பதால் அதிலும் பேர் வெட்டியிருக்கவில்லை. எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று யாராவது கேட்டால், வரிசையில் ஐந்தாவதாக நின்றவர் என்றுதான் சொல்வேன். நல்ல நாளில் சோதனை செய்து சபாஷ் வாங்காதீர்கள். கடைக்காரரிடம், ‘உங்களுக்கு ரொம்பக் கூட்டம் எந்த நாள்?’ என்று கேட்டு அந்த நாளில் போய் நில்லுங்கள். கையில் எதுவும் இல்லாமல் போனால், பெஞ்சு மேல் ஏறி உண்மையைச் சொல்லிவிட்டு வரிசையைப் பாருங்கள். பதில் யாரோ ஒருவர் பையில் இருக்கும்.

அந்தப் பொங்கலுக்கு நானும் பாய் வீட்டில் இருந்தேன். எல்லப்பனும் அவர் வீட்டம்மாவும் வந்தார்கள். குண்டானில் நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கல். நூரம்மா வாங்கி, பேரைத் தடவிப் பார்த்தார்.

பாய் ஆரம்பித்தார்: “பாத்தியா? இத்தினி வருசம் என்னை இன்னா பேச்சு பேசின? குடுத்தது நீ!”

நூரம்மா மூடியைத் திறந்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: “நான் குடுத்தேன்னா அது குடுத்தது. தொலஞ்சதுல சேராது.”

பாய் பொங்கலுக்குத் தட்டை நீட்டினார். அதற்குப் பதிலை இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்.

திங்கட்கிழமை நீங்கள் அந்தக் கடைக்குப் போவீர்கள். கோப்பைத் திறப்பதற்கு முன், டீ வருவதற்குள், பாயிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “பாய், அந்தக் குண்டான் இப்ப யாரு வூட்ல கீது?” ரம்ஜான் பாயசத்தோடு போயிருந்தால் ‘எல்லப்பன் வூட்ல’ என்பார். பொங்கலோடு திரும்பி வந்திருந்தால் ‘எங்க வூட்ல’ என்பார். எந்தப் பதில் வந்தாலும் வேலை நன்றாக நடக்கிறது என்று கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.